பயிர் சரியாக வருகிறது, ஆடு ஏன் வரவில்லை? பல்நோக்கு வேளாண் கணக்கெடுப்பில் மாதிரிக் கோளாறுகளைக் கண்டறியும் வழிமுறை

பல்நோக்குக் கணக்கெடுப்பு என்பது ஒரே பயணத்தில் பல வேலைகளை முடித்துக்கொள்ளும் ஆசை. களப்பணியாளர் ஒரு பண்ணைக்குப் போகிறார். சாகுபடிப் பரப்பு, விளைச்சல், கால்நடை எண்ணிக்கை, வேலையாட்கள், உரச் செலவு, எந்திரங்கள் என எல்லாவற்றையும் ஒரே படிவத்தில் நிரப்பிக்கொண்டு திரும்புகிறார். பயணச் செலவு மிச்சம்தான். ஆனால் எந்தப் பண்ணைக்குப் போவது என்று தீர்மானித்தது மட்டும் பெரும்பாலும் ஒரே ஒரு தகவல்: நிலப்பரப்பு. நிலத்தின் அளவைப் பார்த்துப் பொறுக்கிய மாதிரியிடம் ஆட்டைப் பற்றிக் கேட்டால் அது திணறுகிறது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

எந்த மருந்தையும் தொடுவதற்கு முன் ஓர் அட்டவணை தயாரித்துக்கொள்ளுங்கள். படிவத்தில் உள்ள ஒவ்வொரு முக்கிய இனத்துக்கும் (தானியப் பரப்பு, ஆட்டு எண்ணிக்கை என்று அளக்கும் ஒவ்வொன்றுக்கும்) ஒரு வரிசை வேண்டும். அதில் மதிப்பீடு, அதன் மாறுபாட்டுக் கெழு (மாதிரிக்கு மாதிரி மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்பதைக் காட்டும் திட்டப்பிழை, மதிப்பீட்டில் எத்தனை சதவீதம் என்பது), அந்த இனம் பூச்சியமாக இல்லாத பண்ணைகளின் எண்ணிக்கை, முதலில் என்ன துல்லியம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டீர்கள் என்பது ஆகிய நான்கும் இருக்கட்டும். நான்காவது பத்தி (நெடுவரிசை) காலியாக இருந்தால் உங்கள் கோளாறு மாதிரியில் இல்லை, திட்டமிடலில் இருக்கிறது. அதை நிரப்பிய பிறகு மேலே படியுங்கள்.

தானியப் பரப்பின் மாறுபாட்டுக் கெழு 3 சதவீதம். ஆடு, கோழி எண்ணிக்கைக்கு 30 சதவீதம்

மிகவும் பழக்கமான நோய் இது. பண்ணைகளை நிலப்பரப்புக்கு விகிதமான நிகழ்தகவில் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், அல்லது நிலப்பரப்பை வைத்து அடுக்குகளாக (ஒத்த அளவுள்ள பண்ணைகளின் குழுக்களாக) பிரித்திருப்பீர்கள். தானியப் பரப்பு நிலப்பரப்போடு சேர்ந்து ஏறி இறங்குவதால் அது துல்லியமாக வருகிறது. ஆடு அப்படி இல்லை. அரை ஏக்கர்கூட இல்லாத ஒருவரிடம் இருநூறு ஆடுகள் இருக்கலாம். நிலம் குறைவு என்பதால் அவர் தேர்வாகும் வாய்ப்பும் மிகக் குறைவு. அபூர்வமாகத் தேர்வாகிவிட்டால், அந்தக் குறைந்த வாய்ப்பின் தலைகீழ் எண்ணால் அவருடைய இருநூறைப் பெருக்க வேண்டும். அந்தப் பெருக்கும் எண்ணைத்தான் நிறை என்கிறோம். ஒரு பண்ணை தன்னைப் போன்ற எத்தனை பண்ணைகளுக்காகப் பேசுகிறது என்பதை அது காட்டுகிறது. இங்கே நிறையும் பெரிது, மதிப்பும் பெரிது. மதிப்பீடு அந்தரத்தில் ஆடுகிறது.

புள்ளியியலாளர் பாசு 1971-இல் சொன்ன சர்க்கஸ் யானைக் கதை இதற்குத்தான் பொருந்தும். ஒரு சர்க்கஸ் முதலாளிக்கு 50 யானைகளின் மொத்த எடை தெரிய வேண்டும். சாம்போ என்ற நடுத்தர யானையை மட்டும் எடைபோட்டு 50-ஆல் பெருக்கினால் போதும் என்கிறார் அவர். சர்க்கஸின் புள்ளியியலாளர் பதறிப்போய், எல்லா யானைக்கும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று வாதாடி, சாம்போவுக்கு 99/100 வாய்ப்பும் மற்ற 49 யானைகளுக்குத் தலா 1/4900 வாய்ப்பும் தருகிறார். எதிர்பார்த்தபடி சாம்போவே வருகிறது. விதிப்படி மதிப்பிட்டால் 50 யானைகளின் மொத்த எடை, சாம்போவின் எடையை 100/99-ஆல் பெருக்கினால் கிடைப்பது, அதாவது ஏறக்குறைய ஒரே யானையின் எடை. பெரிய யானையான ஜம்போ வந்திருந்தால்? அதன் எடையை 4900-ஆல் பெருக்க வேண்டும். புள்ளியியலாளருக்கு வேலை போயிற்று. கணக்கு விதியில் பிழை ஏதும் இல்லை. பல முறை எடுத்துச் சராசரி பார்த்தால் விடை சரியாகவே வரும். தேர்வு நிகழ்தகவுக்கும் எடைக்கும் ஒட்டுறவே இல்லாததுதான் கதையின் விஷம். உங்கள் ஆடுகள் அந்த நிலையில்தான் இருக்கின்றன.

சோதனை எளிது. சட்டகத்தில், அதாவது மாதிரி எடுக்கப் பயன்படுத்திய பண்ணைப் பட்டியலில், உள்ள நிலப்பரப்பை ஓர் அச்சிலும் களத்தில் கிடைத்த ஆட்டு எண்ணிக்கையை இன்னோர் அச்சிலும் வைத்துப் படம் வரையுங்கள். புள்ளிகள் கோடுபோல நீளாமல் மேகம்போலப் பரவியிருந்தால் நோய் உறுதி.

மருந்து: ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாகத் தேர்வு நிகழ்தகவைக் கணக்கிட்டு, ஒவ்வொரு பண்ணைக்கும் அவற்றில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் மட்டுமே உள்ள பெரிய பண்ணைக்குத் தானியக் கணக்கில் 0.30, ஆட்டுக் கணக்கில் 0 என்றால் அதன் நிகழ்தகவு 0.30. நிலமில்லாத ஆட்டுப் பண்ணைக்கு 0, 0.45 என்றால் 0.45. இரண்டும் கொஞ்சம் உள்ள சிறு பண்ணைக்கு 0.02, 0.05 என்றால் 0.05, அதன் நிறை 20. எல்லாப் பண்ணைகளின் நிகழ்தகவையும் கூட்டினால் வருவதுதான் எதிர்பார்க்கும் மாதிரி அளவு. தானியத்துக்கு ஒரு மாதிரி, ஆட்டுக்கு ஒரு மாதிரி என்று தனித்தனியே எடுத்தால் ஆகும் கூட்டுத்தொகையைவிட இது சிறியதாகவே இருக்கும், ஏனென்றால் இரண்டும் உள்ள பண்ணைகள் இரு வேலைக்கும் உதவுகின்றன. அமெரிக்க வேளாண் துறையின் புள்ளியியல் பிரிவு 1990களின் பிற்பகுதியில் பயிர்க் கணக்கெடுப்புகளில் புகுத்திய முறை இதுதான்.

இதைச் செய்யும்போது மூன்று இடங்களில் கை தவறும். முதலாவது, அளவை அப்படியே விகிதமாக வைக்காதீர்கள். சட்டகத்தில் உள்ள எண்ணை 0.75 என்ற படிக்கு உயர்த்தி வைப்பது நல்ல வழக்கம். பண்ணை பெரிதாகப் பெரிதாக அதன் ஏற்ற இறக்கமும் பெரிதாகிறது, ஆனால் அதே வேகத்தில் அல்ல. இரண்டாவது, பட்டியலில் எல்லா இனத்திலும் பூச்சியம் என்று பதிவான பண்ணைக்கும் ஒரு குறைந்தபட்ச நிகழ்தகவு கொடுங்கள். பட்டியல் எழுதப்பட்ட நாளுக்குப் பிறகு அவர் ஆடு வாங்கியிருக்க மாட்டார் என்று யார் சொன்னது? மூன்றாவது, ஒவ்வொரு பண்ணைக்கும் 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு சமவாய்ப்பு எண்ணை ஒதுக்கி, அந்த எண் நிகழ்தகவைவிடச் சிறியதாக இருந்தால் தேர்ந்தெடுப்பது என்று வைத்தால் முறை மிக எளிதாகிவிடும். ஆனால் இறுதி மாதிரி அளவு சற்றுக் கூடிக் குறையும். பட்ஜெட் அதிகாரிக்கு இது பிடிக்காது. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மதிப்பீட்டு நேரத்தில், தெரிந்த மொத்தங்களோடு பொருந்துமாறு நிறைகளைச் சீர்செய்தால் அந்த ஆட்டம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுக்குகளுக்குப் பங்கிட உட்கார்ந்தால் ஒவ்வோர் இனமும் ஒவ்வொரு விடை சொல்கிறது

பட்டியலில் ஒவ்வொரு பண்ணைக்கும் தனி அளவுகள் இல்லை, அடுக்கு விவரம் மட்டுமே உண்டு என்றால் மேலே சொன்ன முறை எடுபடாது. அப்போது சண்டை பங்கீட்டில் வெடிக்கும். 1934-இல் புள்ளியியலாளர் நெய்மன் கொடுத்த விதி இது: அடுக்கின் பண்ணை எண்ணிக்கையையும் அதற்குள் உள்ள திட்ட விலக்கத்தையும் பெருக்கி, அந்த விகிதத்தில் மாதிரியைப் பங்கிடுவது. விதியில் திட்ட விலக்கம் ஒன்றுதான். உங்களிடம் இனத்துக்கு ஒன்று இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சிறு பண்ணைகள் 8,000, பெரும் பண்ணைகள் 2,000. தானியத்தின் திட்ட விலக்கம் சிறு அடுக்கில் 1, பெரும் அடுக்கில் 6. ஆட்டுக்கு 5, 4. மொத்த மாதிரி 1,000. தானியம் கேட்பது 400, 600. ஆடு கேட்பது 833, 167. தானியத்தின் சொல்லைக் கேட்டால் ஆட்டின் மாறுபாட்டு வர்க்கம் (திட்டப்பிழையின் வர்க்கம்) அதற்குரிய சிறந்த நிலையைவிட 78 சதவீதம் கூடுகிறது. ஆட்டின் சொல்லைக் கேட்டால் தானியத்துக்கு 135 சதவீதம் கூடுகிறது. இரண்டும் பொறுத்துக்கொள்ள முடியாதவை.

இப்போது 600, 400 என்று நடுவில் வையுங்கள். தானியத்துக்கு இழப்பு 17 சதவீதம், ஆட்டுக்கு 23 சதவீதம். திட்டப்பிழையாகப் பார்த்தால் முறையே 8, 11 சதவீதம்தான் கூடுகிறது. அவ்வளவுதான் விலை. சிறந்த பங்கீட்டைச் சுற்றியுள்ள நிலம் செங்குத்தான பள்ளமாக இல்லாமல் தட்டையான தரையாக இருப்பதால்தான் இந்தச் சலுகை கிடைக்கிறது. சிறிது விலகினால் இழப்பு மிகச் சிறிது. எதிர்முனைக்குப் போனால்தான் அடி விழும். (எல்லையுள்ள தொகுதிக்கான திருத்தத்தை இந்தக் கணக்கில் விட்டிருக்கிறேன், முடிவு மாறாது.) ஆகவே இரண்டு மூன்று இனங்கள் மட்டும் என்றால் தனித்தனிப் பங்கீடுகளின் சராசரியை எடுத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள். வெட்கப்பட ஏதுமில்லை.

இனங்கள் பத்துக்கு மேல் போனால் சராசரி போதாது. ஒவ்வொன்றுக்கும் உச்ச மாறுபாட்டுக் கெழுவை எழுதிக் கொடுத்து, எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றும் மிகக் குறைந்த செலவுப் பங்கீட்டைக் கணினியைக் கொண்டு தேடச் சொல்ல வேண்டும். 1989-இல் பெத்தேல் வெளியிட்ட வழிமுறை இதற்கென்றே உள்ளது, இலவச மென்பொருள்களிலும் கிடைக்கிறது. அதன் உண்மையான பயன் விடையில் இல்லை. எந்த நிபந்தனை மாதிரியை இவ்வளவு பெரிதாக இழுக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் யாரோ ஒருவர் யோசிக்காமல் எழுதிக் கொடுத்த ஒற்றை இனமாக அது இருக்கும். அவரிடம் போய், "இதை 5 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகத் தளர்த்தினால் இத்தனை பண்ணைகள் மிச்சமாகும்" என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்வார்.

ஒரே பண்ணை மொத்த மதிப்பீட்டில் கால் பங்கைத் தூக்கி நிற்கிறது

நிறையையும் மதிப்பையும் பெருக்கி, இறங்குவரிசையில் அடுக்கி, முதல் இருபதைப் பாருங்கள். தலையில் நிற்பது பெரும்பாலும் சிறு பண்ணை அடுக்கிலிருந்து வந்த பெரிய பண்ணையாக இருக்கும். பட்டியல் எழுதியபோது சிறியது, இன்று பெரியது. நிறையோ சிறியதற்கு உரியது.

முதலில் தட்டச்சுப் பிழையா என்று பாருங்கள், அடுத்து அலகுப் பிழையா என்று. இரண்டும் இல்லை என்றால் அந்தப் பதிவை அழிக்கக் கூடாது. அது உண்மையான பண்ணை, அதைப் போன்ற மற்றவையும் வெளியே இருக்கக்கூடும். இந்தச் சுற்றுக்கு மட்டும் அதன் நிறையைக் குறைத்து, குறைத்ததை அதே அடுக்கின் மற்றப் பண்ணைகளுக்குப் பகிர்ந்து, செய்ததை எழுதி வையுங்கள். மதிப்பீட்டில் சிறிது சாய்வு (ஒரே பக்கமான விலகல்) வரும், அதற்குப் பதிலாகப் பெரிய ஆட்டம் நிற்கும். அடுத்த சுற்றில் மிகப் பெரிய பண்ணைகளை மாதிரியாக எடுக்காமல் அத்தனையையும் கணக்கெடுக்கும் ஓர் அடுக்கை உருவாக்குங்கள். கால்நடையில் இது மிக முக்கியம். ஒரு பெரிய கோழிப்பண்ணை ஆயிரம் வீட்டுக் கோழிக்கூண்டுகளுக்குச் சமம். அதைச் சீட்டுக் குலுக்கலில் விட்டுவைப்பது பொறுப்பற்ற வேலை.

திட்டத்தில் 5 சதவீதம் என்று போட்ட பிழை, கணக்கெடுத்த பிறகு 11 சதவீதமாக வருகிறது

மாதிரி அளவைத் தீர்மானிக்கும்போது எளிய சமவாய்ப்பு மாதிரிக்கான சூத்திரத்தைப் போட்டுவிட்டு, களத்தில் கிராமங்களை முதலிலும் அவற்றுக்குள் பண்ணைகளை அடுத்தும் எடுத்திருப்பீர்கள். ஒரே கிராமத்துப் பண்ணைகள் ஒன்றுபோல இருக்கும்: ஒரே மண், ஒரே மழை, ஒரே பயிர். இருபதாவது பண்ணை புதிதாகச் சொல்ல அநேகமாக ஏதும் வைத்திருக்காது.

இந்த ஒற்றுமையை அளக்கும் எண் கொத்துக்குள் ஒட்டுறவு. இங்கே கொத்து என்பது கிராமம். கிராமத்துக்கு 20 பண்ணைகள், ஒட்டுறவு 0.2 என்றால் மாறுபாட்டு வர்க்கம் பெருகும் அளவு 1 + 19 × 0.2 = 4.8. இதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.2. உங்கள் 5 சதவீதம் 11 ஆனது இப்படித்தான். 1,000 பண்ணைகளைப் பார்த்தீர்கள், ஆனால் 208 பண்ணைகள் அளவுக்குத்தான் தகவல் கிடைத்தது. அதே 1,000 பண்ணைகளைக் கிராமத்துக்கு 10 வீதம் இருமடங்கு கிராமங்களில் எடுத்திருந்தால் பெருக்கம் 2.8-ஆகக் குறைந்திருக்கும்.

பல்நோக்கின் சிக்கல் இங்கேயும் தலைகாட்டும். பாசனப் பயிர், விளைச்சல் போன்றவற்றுக்குக் கொத்துக்குள் ஒட்டுறவு அதிகம். குடும்பத்தின் வேலையாள் எண்ணிக்கை, கோழி போன்றவற்றுக்குக் குறைவு. ஒரு புதிய கிராமத்துக்குப் போகும் செலவு ஒரு பண்ணையை விசாரிக்கும் செலவைப்போல 16 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டுறவு 0.2 உள்ள இனத்துக்குக் கிராமத்துக்கு 8 பண்ணைகள் போதும்; 0.05 உள்ள இனத்துக்கு 17 எடுக்கலாம். எனக்குக் குறைந்த பக்கம் சாய்வதுதான் சரி என்று தோன்றுகிறது. பண்ணைகளின் எண்ணிக்கை மாறாதவரை, கூடுதல் கிராமங்களால் எந்த இனத்தின் துல்லியத்துக்கும் கேடில்லை. ஒரே கிராமத்தில் குவித்தால் சிலவற்றுக்குக் கட்டாயம் கேடு உண்டு.

ஓர் அபூர்வப் பயிரின் மதிப்பீடு ஆண்டுக்கு ஆண்டு இருமடங்காகிறது, பாதியாகிறது

நூற்றில் இரண்டு பண்ணைகளில் மட்டும் விளையும் பயிர். மாதிரி 1,000 என்றால் அதை விளைவிப்பவர்கள் சராசரியாக 20 பேர்தான் வருவார்கள். எத்தனை பேர் விளைவிக்கிறார்கள் என்ற எண்ணுக்கே மாறுபாட்டுக் கெழு 22 சதவீதம். அவர்களுக்குள் பரப்பு பெரிதும் மாறுபட்டால் மொத்தப் பரப்புக்கு அது 30 சதவீதத்தைத் தாண்டிவிடும். இதை 10 சதவீதமாகக் குறைக்க மாதிரியைப் பெருக்கித்தான் தீர வேண்டும் என்றால் ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். அதற்கு எந்த அலுவலகத்திலும் ஆள் இல்லை.

எனவே பெருக்குவதை மறந்துவிட்டு, அந்தப் பயிர் எங்கே இருக்கிறது என்ற தகவலைத் தேடுங்கள். பதப்படுத்தும் ஆலை, கொள்முதல் நிலையம், உற்பத்தியாளர் சங்கம் ஆகியவற்றிடம் பெயர்ப் பட்டியல் இருக்கலாம். அது முழுமையாக இருக்க வேண்டியதில்லை. இருப்பவர்களைத் தனி அடுக்காக்கி அதிக விகிதத்தில் எடுங்கள். பட்டியலில் இல்லாதவர்களைப் பொது மாதிரி பிடித்துக்கொள்ளும். பட்டியலே இல்லை என்றால் இரண்டு கட்டமாகச் செய்யலாம். முதல் கட்டத்தில் நிறையப் பேரிடம் ஒரே கேள்வி மட்டும்: இந்தப் பயிர் உண்டா? உண்டு என்றவர்களிடம் இரண்டாம் கட்டத்தில் முழுப் படிவம்.

ஒருவர் கிடைத்தால் அவருடைய அக்கம்பக்கத்தையும் சேர்த்துக்கொண்டே போகும் தொடர்முறைத் தேர்வும் உண்டு. தாளில் அழகாக இருக்கும். களத்தில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் குழு அலையும், செலவையும் கணிக்க முடியாது. அனுபவமில்லாத குழுவுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மொத்தப் பரப்பு, செயற்கைக்கோள் காட்டுவதைவிட ஒவ்வொரு முறையும் குறைவாகவே வருகிறது

கூடியும் குறைந்தும் வந்தால் அது மாதிரிப் பிழை. எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்தால் சட்டகத்தைச் சந்தேகியுங்கள். பண்ணைப் பட்டியல் எழுதிய மறுநாளே பழசாகத் தொடங்குகிறது. நிலங்கள் பிரிகின்றன, குத்தகை மாறுகிறது, புதியவர்கள் வருகிறார்கள். பட்டியலில் இல்லாத பண்ணைக்குத் தேர்வாகும் வாய்ப்பு பூச்சியம். பூச்சியத்தை எந்த நிறையாலும் சரிக்கட்ட முடியாது.

இதற்கு மாற்று பரப்புச் சட்டகம். நாட்டின் நிலப்பரப்பையே துண்டுகளாக, அல்லது புள்ளிகளாகப் பிரித்து, அவற்றிலிருந்து மாதிரி எடுப்பது. நிலம் ஓடிப்போகாது, எனவே விடுபடல் இல்லை. அமெரிக்காவில் ஜூன் மாதம் நடக்கும் பரப்புக் கணக்கெடுப்பில் சாகுபடி மிகுந்த இடங்களில் ஒரு துண்டு ஏறக்குறைய ஒரு சதுர மைல், அதாவது 2.6 சதுர கிலோமீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, 2 கிலோமீட்டர் இடைவெளிக் கட்டங்களின் புள்ளிகளை அடிப்படையாகக் கொண்டு அவற்றிலிருந்து தேர்ந்தெடுக்கிறது. புள்ளி முறை மலிவானது, நிலப்போர்வைக்கு மிகத் துல்லியமானது. ஆனால் வயலின் நடுவில் உள்ள ஒரு புள்ளி, உரிமையாளர் எவ்வளவு உரம் வாங்கினார் என்று சொல்லாது. பல்நோக்குக்கு அதை மட்டும் நம்ப முடியாது.

துண்டு முறையை எடுத்தால், துண்டிலிருந்து பண்ணைக்கு எப்படிப் போவது என்ற கேள்வி வரும். மூன்று வழிகள் உள்ளன. துண்டின் எல்லைக்குள் இருப்பதை மட்டும் எண்ணுவது மூடிய துண்டு முறை. பயிர்ப் பரப்புக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் "உங்கள் வேலையாட்களில் இந்தக் கோட்டுக்குள் எத்தனை பேர்?" என்று கேட்டால் விவசாயி உங்களைப் பார்த்துச் சிரிப்பார். தலைமையிடம் துண்டுக்குள் உள்ள பண்ணைகளை எடுத்து, அவற்றின் எல்லா நிலத்தையும் எண்ணுவது திறந்த துண்டு முறை. கேள்வி எளிது, ஆனால் ஒரு பெரிய பண்ணையின் வீடு துண்டுக்குள் விழுவதும் விழாததும் மதிப்பீட்டைக் கவிழ்த்துவிடும். துண்டுக்குள் கொஞ்சமேனும் நிலம் உள்ள எல்லாப் பண்ணைகளையும் எடுத்து, பண்ணையின் மொத்தத்தை, அதன் நிலத்தில் துண்டுக்குள் இருக்கும் பங்கால் பெருக்குவது நிறையிட்ட துண்டு முறை. 40 ஏக்கரில் 10 ஏக்கர் உள்ளே என்றால் 80 மாடுகளில் 20 இந்தத் துண்டுக்கு. செலவு, வேலையாள், கால்நடை போன்றவற்றுக்கு மூன்றில் பொதுவாக இதுவே நிலையானது. ஒரே கணக்கெடுப்பில் பயிருக்கு மூடிய முறையும் மற்றவற்றுக்கு நிறையிட்ட முறையும் கலந்து பயன்படுத்தலாம், அதில் தவறில்லை.

ஒரு ஓட்டை மட்டும் எஞ்சுகிறது. நிலமே இல்லாமல் ஆடு மாடு வைத்திருப்பவர் நிறையிட்ட முறையில் எங்கும் வரமாட்டார். அவருக்கு வீடுகளின் சட்டகம்தான் வழி.

பெரும் பண்ணைகளுக்குப் பட்டியல், பட்டியலில் விடுபட்டவற்றுக்குப் பரப்புச் சட்டகம் என்று இரண்டையும் சேர்ப்பதற்கான கணிதத்தைப் புள்ளியியலாளர் ஹார்ட்லி 1962-இல் கொடுத்தார். நடைமுறையில் இதுவே மிகவும் கைகொடுக்கிறது. ஆனால் சேர்த்த பிறகு மொத்தம் திடீரென்று கூடுதலாக வரத் தொடங்கினால் ஒரே பண்ணை இரண்டு வழியிலும் எண்ணப்பட்டிருக்கிறது என்று பொருள். துண்டில் கண்ட ஒவ்வொரு பண்ணையையும் பட்டியலோடு பெயர், இடம், கூட்டாளிகள் வரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அலுப்பான எழுத்தர் வேலைதான். தகப்பன் பெயரில் ஒரு பதிவு, மகன் பெயரில் ஒரு பதிவு, நிலம் ஒன்றே என்பதைக் கணினி கண்டுபிடிக்காது. உங்களிடம் இருக்கும் மிகக் கவனமான ஆளை இதற்குப் போடுங்கள், மிகப் புதிய ஆளை அல்ல.

விளைச்சல் எப்போதும் கூடுதலாகவே வருகிறது

இது மாதிரி நோய் போலத் தெரியும் அளவை நோய். வயலின் ஒரு பகுதியை மட்டும் குறித்து அறுத்து எடைபோடும் பயிர் அறுவடைப் பரிசோதனையில், அப்படி அறுக்கும் வெட்டுப்பரப்பை மிகச் சிறியதாக வைத்தால், எல்லையில் நிற்கும் செடிகளை உள்ளே சேர்க்கும் மனப்போக்கு எல்லாக் களப்பணியாளருக்கும் உண்டு. பரப்பு சிறியதாகச் சிறியதாக, அதற்கு எல்லையின் நீளம் ஒப்பீட்டளவில் கூடும். 1940களில் இந்தியப் புள்ளியியலாளர் சுகாத்மே நடத்திய சோதனைகள் சிறு வெட்டுப்பரப்புகள் விளைச்சலை மிகையாகக் காட்டுவதை எடுத்துக்காட்டின. சிறு வெட்டுப்பரப்பை ஆதரித்த புள்ளியியலாளர் மகாலனோபிஸ் தரப்போடு அப்போது நடந்த விவாதம் துறையில் புகழ்பெற்றது. பரப்பைப் பெரிதாக்குங்கள், விறைப்பான சட்டம் வைத்து எல்லை குறியுங்கள், எல்லைச் செடிக்கு ஒரு விதி எழுதிக் கொடுங்கள்.

விவசாயி வாய்மொழியாகச் சொல்லும் நிலப்பரப்பிலும் இதுபோல ஒன்று உண்டு. செயற்கைக்கோள் இடங்காட்டிக் கருவியால் அளந்து ஒப்பிட்ட ஆய்வுகளில், சிறிய வயல்களை விவசாயிகள் கூட்டியும் பெரியவற்றைக் குறைத்தும் சொல்வது தெரிந்திருக்கிறது. மாதிரியை மும்மடங்காக்கினாலும் இந்தச் சாய்வு ஓர் இழைகூடக் குறையாது. துணைமாதிரி ஒன்றில் மட்டும் கருவியால் அளந்து, அந்த விகிதத்தால் மற்றவற்றைத் திருத்துவது போதும்.

அளவு நன்றாக வருகிறது, ஆனால் ஆண்டு மாற்றம் நம்பும்படி இல்லை

ஒவ்வோர் ஆண்டும் புதிய மாதிரி எடுக்கிறீர்களா? அப்படியானால் மாற்றத்தில் இரு ஆண்டுகளின் பிழையும் கூடுகின்றன. அதே பண்ணைகளை வைத்துக்கொண்டால், இரு ஆண்டு மதிப்புகளுக்கு இடையே ஒட்டுறவு 0.8 என்ற நிலையில், மாற்றத்தின் மாறுபாட்டு வர்க்கம் ஐந்தில் ஒன்றாகக் குறையும். ஆனால் அதே விவசாயி எட்டாவது ஆண்டும் கதவைத் திறப்பாரா என்பது வேறு கேள்வி. முக்கால் பங்கை வைத்துக்கொண்டு கால் பங்கை மாற்றினால் ஐந்தில் இரண்டு பங்கு என்ற அளவில் நிற்கும். அது நல்ல பேரம். முன்பு சொன்ன சமவாய்ப்பு எண்களைப் பண்ணைக்கு நிரந்தரமாக்கிவிட்டால், தேர்வு எல்லையைச் சிறிது நகர்த்துவதன் மூலம் சுழற்சி தானாக நடக்கும். அமெரிக்க ஜூன் கணக்கெடுப்பு ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு துண்டுகளைப் புதிதாக்குகிறது.

ஆட்டுக்கும் கோழிக்கும் இந்த ஒட்டுறவு நிலத்துக்கு உள்ள அளவுக்கு இராது. கோழி இன்று இருக்கும், அடுத்த மாதம் இருக்காது. அவற்றில் மாற்றத்தின் துல்லியம் அதிகம் கூடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். கணக்கெடுக்கும் நாளை ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் நிலைநிறுத்துவது அங்கே அதைவிடப் பயன் தரும்.

படிவத்தின் கடைசிப் பக்கங்கள் காலியாக வருகின்றன

மூன்று மணி நேரப் படிவத்தை 1,000 பேரிடமும் கொண்டுபோயிருப்பீர்கள். சாகுபடிச் செலவு, வேலையாள் நேரம் போன்றவை பக்கம் முப்பதில் இருக்கும். அங்கே வரும்போது விவசாயிக்கும் களப்பணியாளருக்கும் பொறுமை தீர்ந்திருக்கும். பதில் இல்லாத இடத்தை ஊகித்து நிரப்புவதைவிட, கேள்வியையே குறைவான பேரிடம் நிதானமாகக் கேட்பது நல்லது. அடிப்படைப் பகுதியை எல்லோரிடமும் கேளுங்கள். செலவுப் பகுதியை அவர்களிலிருந்து தெரிந்த நிகழ்தகவில் எடுத்த 300 பேரிடம் மட்டும் கேளுங்கள். எந்திரப் பகுதி அடுத்த ஆண்டுக்குப் போகட்டும். உணவு வேளாண்மை அமைப்பு பரிந்துரைக்கும் ஒருங்கிணைந்த வேளாண் கணக்கெடுப்பும் இப்படித்தான், ஆண்டுதோறும் ஒரு மையப் பகுதி, சுழற்சியில் வரும் மற்றப் பகுதிகள் என்று அமைந்திருக்கிறது.

துணைமாதிரியில் யார் வருவார் என்பதை அலுவலகத்திலேயே முடிவுசெய்து அனுப்புங்கள். களத்தில் முடிவுசெய்யவிட்டால், சீக்கிரம் பதில் சொல்பவர்தான் வருவார்.

எல்லாப் பிழைகளும் அதிசயமாகச் சிறியதாக வருகின்றன

இதைக் கோளாறு என்று யாரும் புகார் செய்வதில்லை. மென்பொருளிடம் அடுக்கு, கொத்து, நிறை மூன்றையும் சொன்னீர்களா என்று பாருங்கள். நிறையை மட்டும் கொடுத்துவிட்டால், 20 பண்ணைகள் கொண்ட கிராமத்தை அது 20 தனி இடங்களாக நினைத்துக்கொள்ளும். ஓர் அடுக்கில் ஒரே ஒரு கிராமம் மட்டும் இருந்தால் சில மென்பொருள்கள் அந்த அடுக்கின் மாறுபாட்டைச் சத்தமில்லாமல் பூச்சியமாக வைத்துவிடும். அப்படிப்பட்ட அடுக்குகளை அவற்றைப் போன்ற அண்டை அடுக்கோடு சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். எண்கள் பெரிதாகும். முதலில் தயாரித்த அட்டவணையின் இரண்டாவது பத்தியை அந்த எண்களைக் கொண்டு திருத்தி எழுதுங்கள். சரி என்று நீங்கள் கடந்துபோன இனங்கள் சில அப்போது மேலே உள்ள தலைப்புகளில் ஏதோ ஒன்றின் கீழ் வந்து விழும்.